ஏரிக்கரைக்கு வந்த முகம்

ஆவரங்குடி ஏரிக்கரையில் பந்தல் போட்டு உட்கார்ந்திருந்த நூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் ஒரே முகம் வந்தது ஒரு வெள்ளிக்கிழமை காலையில், ராகுகாலம் தொடங்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது. தான் வரைந்த படத்தின் கடைசிக் கண்ணைத் திறந்து முடித்து, தூரிகையைக் கொட்டாங்கச்சித் தண்ணீரில் அலசிவிட்டு நிரோஷா நிமிர்ந்தபோது, எதிரே ஜமக்காளத்தில் இருந்தவர்கள் எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். உப்பிய கன்னம், மீன்போல நீண்ட கண், குவிந்த சின்ன வாய், கழுத்தில் ஒரு மடிப்பு, வெண்ணெய்த் தாழிக்குள் கைவிட்டுப் பிடிபட்ட குழந்தைக் கண்ணனுக்கு இருக்குமே, அந்தப் பாதிச் சிரிப்பு. எழுபது வயதுக்காரருக்கும் அதே முகம், பிள்ளையை மடியில் போட்டிருந்தவளுக்கும் அதே முகம், ஆண்களுக்கு மட்டும் அதன்மேல் அவரவர் மீசை, முன்னைவிடக் கொஞ்சம் திருத்தமாக.

யாரும் அலறவில்லை. தம்பிதுரை தன் கன்னத்தைத் தடவிப் பார்த்து, "இப்பத்தான் சவரம் பண்ணிட்டு வந்த மாதிரி இருக்கு" என்றார். அவர் பம்ப்செட் மெக்கானிக், ஏரிப் பாதுகாப்புக் குழுவின் தலைவர், எதற்கும் பதறாதவர் என்பதற்காகவே தலைவராக்கப்பட்டவர். பக்கத்திலிருந்த பெண் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் பார்த்து, பொட்டை நெற்றியின் நடுவுக்கு நகர்த்தி, "நெத்தி நல்லா அகலமா இருக்கு" என்று சொல்லிக் கண்ணாடியை அடுத்தவளிடம் கொடுத்தாள். கண்ணாடி வரிசை வரிசையாகக் கைமாறிக் கடைசி ஆள்வரைக்கும் போய்த் திரும்பி வருவதற்குள் டீ வந்துவிட்டது, டீ சூடாக இருந்தது, அதனால் அன்று உண்ணாவிரத முறை இல்லாதவர்கள் எல்லோரும் டீ குடித்தார்கள்.

அவர்கள் அங்கே வந்து உட்கார்ந்து நாற்பது நாள் ஆகியிருந்தது. ஏரியைத் தூர்த்துவிட்டுச் சரக்குப் பெட்டகங்களை அடுக்கிவைக்கும் முனையம் கட்டப் போவதாக ஒரு கம்பெனி வந்தது, கம்பெனிக்குப் பின்னால் செம்மண் ஏற்றிய லாரிகள் வந்தன, லாரிகளுக்கு முன்னால் ஏரியில் வலை வீசுகிற லோகம்மா தனியாளாகப் போய் உட்கார்ந்தாள், அவளுக்குப் பின்னால் நடவாட்கள் உட்கார்ந்தார்கள், நடவாட்களுக்குப் பின்னால் நிலத்துக்காரர்கள் உட்கார்ந்தார்கள், உட்காரும்போதும் தெருக்காரர்கள் வடக்கு ஜமக்காளத்திலும் காலனிக்காரர்கள் தெற்கு ஜமக்காளத்திலுமாக, நடுவே ஒரு ஆள் நடந்துபோகிற அளவு மண்தரையை விட்டுத்தான் உட்கார்ந்தார்கள். லாரிகள் சாலையோரத்தில் வரிசையாக நின்றன. நின்ற லாரிகளின் செம்மண்ணில் ஒரு மழைக்குப் பிறகு ஆவாரஞ்செடி முளைத்தது. டிரைவர்கள் அதற்குத் தண்ணீர் ஊற்றினார்கள், அவர்களுக்கும் வேறு வேலை இல்லை.

பந்தல் வாசலில் வைக்க ஒரு பேனர் வேண்டும் என்று ஃப்ளெக்ஸ் கடைகளுக்குப் போனால் ஒரு கடையில் இங்க் இல்லை என்றார்கள், ஒரு கடையில் கரண்ட் இல்லை என்றார்கள், மூன்றாவது கடைக்காரர் மட்டும் உண்மையைச் சொன்னார், ஸ்டேஷனிலிருந்து போன் வந்துவிட்டது என்று. அப்போதுதான் தம்பிதுரைக்கு நிரோஷாவின் ஞாபகம் வந்தது. அவள் காலனி செவ்வந்தியின் மகள், அந்தக் காலனியில் முதலாவதாகப் பட்டம் வாங்கியவள், வாங்கிய பட்டம் ஓவியத்தில்.

"நீ படம் படிச்ச பிள்ளதானே பாப்பா. ஒரு வாரத்துல ஒரு படம் போட்டுக் குடு" என்றார்.

"அண்ணே, எனக்குச் சாமி படந்தான் கை வரும். மத்தது போட்டா கை நடுங்குது."

"அப்ப எங்களச் சாமி படம் மாதிரியே போடு. நாங்க ஒண்ணும் கோச்சுக்க மாட்டோம்."

அவள் சொன்னது உண்மை. படிப்பு முடித்துத் தஞ்சாவூரில் ஒரு ஓவியப் பட்டறையில் மூன்று வருஷம் இருந்தாள். சுண்ணாம்பு மாவைப் பசையில் குழைத்து நகைகளுக்குப் புடைப்பு வைப்பதும், அதன்மேல் தங்கரேக்கு ஒட்டுவதும் அவள் வேலை. முகத்தை அங்கே யாரும் புதிதாக வரைவதில்லை. டிரேஸ் தாளில் ஊசியால் ஓட்டை குத்தி ஒரு முகம் வைத்திருப்பார்கள். அதைப் பலகைமேல் படுக்கவைத்து, கரித்தூள் கட்டிய துணி முடிச்சால் தட்டினால் புள்ளி புள்ளியாக முகம் இறங்கும். கண்ணனுக்கும் அந்த முகம்தான், யசோதைக்கும் அந்த முகம்தான், சுற்றி நிற்கும் கோபியருக்கும் பசுவை ஓட்டிவருகிறவனுக்கும் அந்த முகம்தான். கடைசியில் கண்ணை மட்டும் முதலாளி வந்து கருமணி வைத்துத் திறப்பார், அதில் வேறு யாரையும் கை வைக்கவிட மாட்டார். அரசுப் பள்ளி ஓவிய ஆசிரியர் தேர்வு எழுதுவதற்காக நிரோஷா பட்டறையை விட்டு வந்தபோது அவள் பையில் ஒரே ஒரு டிரேஸ் இருந்தது, வெண்ணெய்த் தாழிக் கண்ணனுடையது.

எட்டுக்கு நாலு ப்ளைவுட்டைப் பந்தலுக்குள்ளேயே சாய்த்துவைத்து அவள் வேலை செய்தாள். சாமி இருக்கவேண்டிய நடு மாடத்தில் ஏரியை வைத்தாள். மேலே வளைவும் இரண்டு பக்கமும் தூணும் சிவப்புத் திரைச்சீலையும் வைத்தாள். மண் அள்ளும் பொக்லைனுக்கு முகபடாம் கட்டி, யானை துதிக்கையை மடித்ததுபோல அதன் கையை மடித்துவிட்டாள். லாரிகளுக்குத் தேர்க்குதிரைபோலச் சாமரம் வைத்தாள். தங்கரேக்குக்கு வழியில்லாததால் கல்யாணப் பத்திரிகையில் ஒட்டுகிற மினுக்குத் தாளை ஒட்டினாள், கல் வைக்கவேண்டிய இடங்களுக்குப் பெண்கள் தங்கள் ஜாக்கெட்டிலிருந்து சம்கியைப் பிரித்துக் கொண்டுவந்து கொடுத்தார்கள். பிறகு ஏரியைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களை ஒவ்வொருவராக வரைந்தாள். உடலையும் கையையும் நேரில் பார்த்து வரைந்தாள், யார் கையையும் யார் கையோடும் குழப்பிக்கொள்ள முடியாதபடி, மெஷினில் போன விரல் நுனி, வலைக்கயிறு அறுத்த தழும்பு, மருதாணி, நகச்சுத்தி எல்லாவற்றோடும் வரைந்தாள். முகத்துக்கு மட்டும் டிரேஸ் போட்டாள். மனிதர்களுக்கு வேறு வேறு முகம் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. ஆனால் இந்த மாதிரிப் படத்தில் முகத்துக்கு டிரேஸ் போடுவதுதான் முறை, முறை தப்பினால் படம் கெட்டுவிடும் என்று பயந்தாள். அவள் எப்போதும் எதற்காவது பயந்துகொண்டிருப்பவள்.

படம் முடியும் தறுவாயில் தம்பிதுரை தலைகளை எண்ணினார். "நூத்திப் பன்னெண்டு. உன்னக் காணமே."

"படம் போடறவங்க படத்துக்குள்ள வரமாட்டாங்கண்ணே."

அதுவும் ஒரு முறைதான். ஆனால் அவள் அதற்காக அப்படிச் செய்யவில்லை. தேர்வில் பாஸாகியிருந்தாள். இனிமேல் சான்றிதழ் சரிபார்ப்புக்குக் கூப்பிடுவார்கள், அப்போது அவள்மேல் வழக்கு எதுவும் இல்லை என்று போலீஸ் கொடுக்கும் நன்னடத்தைச் சான்று வேண்டும். அதனால் நாற்பது நாளும் போலீஸ் கேமராக்காரர் வரும்போதெல்லாம் அவள் கரைக்குக் கீழே இறங்கி நின்றுகொண்டாள், படத்திலும் கரைக்குக் கீழேயே நின்றுவிட்டாள். பயத்தில் போலீஸையும் வரையவில்லை. தம்பிதுரை அதற்குமேல் கேட்கவில்லை. அவர் கேட்காததுதான் அவளுக்குச் சுருக்கென்றிருந்தது.

இப்படியாக அந்த வெள்ளிக்கிழமை, ராகுகாலத்துக்குள் முடிக்கவேண்டும் என்று இருநூற்று இருபத்துநாலு கண்களை ஒரே மூச்சில் திறந்தாள், அவர்களுக்கும் முகம் வந்துவிட்டது.

முகம் வந்த பிறகு ஆவரங்குடியில் வாழ்க்கை எப்படி நடந்தது என்றால், முன்போலவேதான் நடந்தது, சில இடங்களில் மட்டும் கொஞ்சம் சுற்றிக்கொண்டு நடந்தது. காலையில் பால் சொசைட்டியில் பால் ஊற்ற வந்தவர்களைப் பாத்திரத்தை வைத்து அடையாளம் கண்டார்கள். மாடுகள் வாசனையை வைத்துக் கண்டன, நாய்கள் நடையை வைத்துக் கண்டன, கைக்குழந்தைகள் கண்டுபிடிக்கவே மெனக்கெடாமல் யார் தூக்கினாலும் போனதால் ஊரில் பிள்ளை அழும் சத்தம் குறைந்தது. ரேஷன் கடை மெஷின் கட்டைவிரலை மட்டும் கேட்டது, அந்த மெஷினை அதுவரை திட்டிக்கொண்டிருந்தவர்கள் முதல்முறையாக அதைப் புகழ்ந்தார்கள். முகத்தைக் காட்டினால் திறக்கும் செல்போன்கள் எல்லாம் எல்லோருக்கும் திறந்தன, அதனால் இரண்டு நாள் ஊரில் சின்னச் சின்னச் சண்டைகள் நடந்தன, மூன்றாம் நாள் எல்லோரும் நம்பர் போட்டுப் பூட்டிக்கொண்டார்கள். பதினோரு வருஷமாகப் பேசாமலிருந்த ஓரகத்திகள் இருவர், யாரோ என்று நினைத்து மீன்குழம்பைப் பற்றிப் பேச ஆரம்பித்து, பாதியில் யார் என்று தெரிந்தும், நிறுத்தினால் அசிங்கமாக இருக்கும் என்று பேசிக்கொண்டே போனார்கள்.

பந்தலில் நடுவே விட்டிருந்த மண்தரை நான்காம் நாள் காணாமல் போனது. யார் எந்த ஜமக்காளம் என்று முகம் பார்த்துச் சொல்ல முடியாததால் வந்தவர்கள் இடம் கண்ட பக்கம் உட்கார்ந்தார்கள். தெருக்காரர் வைத்திலிங்கம் மட்டும் தான் யார் என்பது பக்கத்தில் உட்காருகிறவனுக்குத் தெரியவேண்டும் என்று தனக்கே உரிய இருமல் ஒன்றைக் கால்மணிக்கு ஒருதரம் இருமிக்கொண்டிருந்தார்.

"தொண்ட கட்டியிருக்கா பெரியவரே, சுக்குக் காப்பி குடிங்க" என்று தன் டம்ளரை நீட்டினான் பக்கத்திலிருந்தவன், அவன் காலனிக்காரன்.

"நீ யாரு வீட்டுப் பிள்ள?"

"மூஞ்சியப் பாத்தா தெரியலையா?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். வைத்திலிங்கம் டம்ளரைப் பார்த்தார், அன்று அவர் குடிக்கவில்லை. ஆனால் இருமலை அரைமணிக்கு ஒருதரமாகக் குறைத்துக்கொண்டார். நிரோஷா இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு முகம் போனதால் எல்லாம் போய்விடும் என்று அவள் நம்பவில்லை, குரல் இருந்தது, குரலைக் கவனித்துக் கேட்கிற காதுகள் இருந்தன. இருந்தாலும் அந்த மண்தரையைக் காணவில்லை என்பதும் உண்மையாக இருந்தது.

போலீஸ் முதலில் வந்தது முப்பத்தெட்டு பேரைக் கைது செய்ய. கேமராக்காரர் எடுத்ததிலிருந்து முப்பத்தெட்டு முகங்களைப் பிரிண்ட் போட்டு எடுத்துவந்தார்கள், ஒவ்வொரு தாளாகத் தூக்கிப் பிடித்து வரிசையில் நடந்தார்கள், ஒரு முகமும் பொருந்தவில்லை. தாள்களை அடுக்கி எடுத்துக்கொண்டு திரும்பிப் போனார்கள். அன்றைக்கு ஊரில் பாயசம் வைத்தார்கள்.

ஆனால் அந்த முகத்துக்கு ஒரு குறையும் இருந்தது, அதற்கு அழத் தெரியாது. உண்ணாவிரதம் இருந்தவர்களைப் பார்க்க அரசு டாக்டர் வந்தார். நாடியைப் பிடித்துப் பார்த்து முகம் சுருக்கினார், நிமிர்ந்து பார்த்தால் எதிரே மூன்று வேளையும் வெண்ணெய் சாப்பிட்ட முகம். எதை எழுதுவது என்று தெரியாமல் இரண்டையும் எழுதிவிட்டுப் போனார். பேப்பரில் 'புன்னகையுடன் தொடரும் போராட்டம்' என்று போட்டோ வந்தது, அதைப் பார்த்துவிட்டு வெளியூர்க்காரர்கள், அவங்களுக்கு என்ன, நல்லாத்தானே இருக்காங்க என்று பேசிக்கொண்டார்கள்.

லோகம்மா நிரோஷாவைத் தேடி வீட்டுக்கு வந்தது அதற்கு அடுத்த நாள். வலைக்கயிற்றின் தழும்பை வைத்து நிரோஷா அவளைத் தெரிந்துகொண்டாள்.

"உன்ட்ட ஒண்ணு கேக்கணும் பாப்பா. எம் மகன் கொமரேசன் மூக்கு இருந்துச்சுல்ல, அது அவங்கப்பா மூக்கு. அவரு போயி எட்டு வருஷம் ஆச்சு. அந்த மூக்கப் பாத்துக்கிட்டுத்தான் நான் சோறு போட்டேன். இப்ப அது இல்ல. அது ஒண்ண மட்டும் திருப்பி வச்சுக் குடுத்துரு."

சொல்லும்போது அவள் கண்ணிலிருந்து நீர் வழிந்து உப்பிய கன்னத்தில் இறங்கி, சிரித்துக்கொண்டிருந்த உதட்டைச் சுற்றிக்கொண்டு போனது. நிரோஷாவால் அதைப் பார்க்க முடியவில்லை.

"திருப்பி வச்சா அவனப் பிடிச்சுட்டுப் போயிருவாங்கக்கா. அந்த முப்பத்தெட்டுல மொதத் தாளு அவன்தான்."

லோகம்மா முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தாள். "அப்ப இருக்கட்டும்" என்றாள். வாசல்வரை போய்த் திரும்பினாள். "உனக்கு அந்த மூக்கு ஞாபகம் இருக்குல்ல?"

"இருக்குக்கா. நடுவுல லேசா ஒரு மேடு, எடது பக்கம் சாஞ்சிருக்கும்."

"ஆமா" என்றாள் லோகம்மா. "அது போதும். ஒரு ஆளுக்காவது ஞாபகம் இருக்கட்டும்."

நிரோஷாவுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும் என்ற அதே எண்ணம்தான் இன்ஸ்பெக்டர் மரகதத்துக்கும் வந்திருந்தது. வியாழக்கிழமை நிரோஷாவை ஸ்டேஷனுக்கு வரச்சொல்லி, எதிரே உட்காரவைத்து, படத்தின் போட்டோவை மேஜையில் விரித்தார். நாற்பத்தைந்து வயது, கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத கருமை, அதட்டாத குரல்.

"நல்லாப் போட்டிருக்கம்மா. எங்களை ஏன் போடல?"

"பயமா இருந்துச்சு மேடம்."

"உண்மையச் சொல்ற. சரி, இதுல மூஞ்சியெல்லாம் ஒண்ணு. கையப் பாரு, ஒண்ணுகூட ஒண்ணு மாதிரி இல்ல. நீ பாத்துப் பாத்துப் போட்டது. இந்தக் கை யாரோடதுன்னு கேட்டா உனக்குத் தெரியும்தானே?"

தெரியாது என்று சொல்ல நிரோஷாவுக்கு வாய் வரவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்தே அவளுக்கு அந்தக் கஷ்டம் உண்டு, கேட்டால் தெரிந்ததைச் சொல்லிவிடுவாள்.

மரகதம் ஒரு ஃபைலைத் திறந்து அவளுடைய நன்னடத்தைச் சான்றை எடுத்துக் காட்டினார். போட்டோ ஒட்டி, முத்திரை குத்தி, கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தது. "கைரேகை, கோர்ட்டு உத்தரவுன்னு போனா மழைக்காலம் வந்துரும். எனக்கு மேல இருந்து தினம் போன். நீ ஒவ்வொரு உருவத்துக்குக் கீழயும் பேரு எழுதிக் குடுத்தா ஒரு காலைல முடிஞ்சுரும், இதுல நான் கையெழுத்துப் போட்டுருவேன். இல்லேன்னா மேலிடத்துக்கு நான் ஒரு ஆளையாவது காட்டணும். இந்தப் பந்தல்ல இப்ப சொந்த முகத்தோட இருக்கறது நீ ஒருத்திதான். படம் போட்டுக் கலகம் பண்ணினதா ஏ-ஒன், மொதக் குற்றவாளி, நீயாத்தான் வரும். திங்கக்கிழம பந்தலுக்கு வர்றேன்."

வீட்டில் சுவரில் நிரோஷா பட்டமளிப்பு அங்கியோடு எடுத்த போட்டோ மாட்டியிருந்தது. செவ்வந்தி அதற்குக் கீழே உட்கார்ந்து கேட்டுக்கொண்டாள். அம்மாவின் மெலிந்த கழுத்தின்மேல் அந்தக் கொழுத்த முகத்தைப் பார்த்துப் பேசுவது நிரோஷாவுக்கு இன்னும் பழகவில்லை.

"நீயும் அந்தப் படத்துல உன்ன வரஞ்சுக்கலாம்னு நெனைக்கறியா?" என்று செவ்வந்தியே கேட்டாள்.

"வேற என்னம்மா பண்றது?"

"நான் சித்தாளு வேல பாத்த எடத்துல இருவது வருஷம் எம் மூஞ்சிய ஒருத்தனும் நிமுந்து பாத்ததில்ல. அது போனா எனக்கு ஒண்ணுமில்ல. உம் மூஞ்சி அப்படியில்ல. அத மார்க்கு ஷீட்டுல ஒட்டியிருக்காங்க, ஹால் டிக்கெட்டுல ஒட்டியிருக்காங்க. அந்த மூஞ்சிக்குத்தான் வேல குடுக்கப் போறாங்க. இந்த வீட்டுல ஒரு மூஞ்சியாவது சொந்த மூஞ்சியா இருக்கட்டும்டி."

"அப்ப பேரு எழுதிக் குடுத்துரவா?"

செவ்வந்தி தட்டைக் கழுவப் போனாள், ஒரே தட்டை வெகுநேரம் கழுவினாள்.

சனிக்கிழமை முழுக்க நிரோஷா யோசித்தாள். பெயர்களை எழுத முடியாது. பொய்ப் பெயர்களை எழுதலாம், அதற்கும் கை வராது. மறுத்துவிட்டு ஜெயிலுக்குப் போகலாம், ஆனால் அங்கேயும் யாராவது உட்காரவைத்து, இந்தக் கை யாருடையது என்று நிதானமாகக் கேட்பார்கள், ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் வாய் திறந்துவிடும் என்று அவளுக்குத் தன்னைப் பற்றித் தெரியும். பொய் சொல்ல வராதவள் யாரும் வந்து கேட்க முடியாத இடத்தில் இருக்கவேண்டும். யோசித்து யோசித்து அவள் வந்து சேர்ந்தது அவ்வளவுதான். அதற்குமேல் வீரமாக எதுவும் அவளுக்குத் தோன்றவில்லை.

ஞாயிறு காலையில் பந்தலுக்குப் போய் ப்ளைவுட்டின் முன் உட்கார்ந்தாள். படத்தின் தெற்குப் பக்கத் தூணின் அடியில் ஒரு சாண் இடம் இருந்தது, அங்கே வரைந்திருந்த தரை விரிப்பின் பூக்களைச் சுரண்டி எடுத்துவிட்டு, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒரு உடலை வரைந்தாள். கையைப் பார்த்து வரைய அவளுக்குத் தன் கைதான் இருந்தது, இடக்கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வலக்கையால் வரைந்தாள், சின்ன வயதில் கடித்துக் கடித்துக் குட்டையாகிப்போன நகங்களோடு. பிறகு டிரேஸை வைத்தாள். நூற்றுப் பன்னிரண்டு முறை தட்டிய தாள், ஓட்டைகள் பெரிதாகிக் கிழியும் நிலையில் இருந்தது, கரித்தூளால் தட்டியதும் முகம் இறங்கியது. வெள்ளையை நிரப்பினாள், கருமணியை வைப்பதற்கு முன் பையிலிருந்த சின்னக் கண்ணாடியை எடுத்துத் தன்னை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். மேல்வரிசையில் ஒரு பல் முன்னால் இருந்தது, அதைச் சரிபண்ணவேண்டும் என்று எத்தனையோ நாள் நினைத்திருக்கிறாள். கண்ணாடியை மூடிவைத்துவிட்டுப் படத்தில் கண்ணைத் திறந்தாள்.

வலிக்கவில்லை. வெயிலில் நடந்துவந்து முகம் கழுவியதுபோல இருந்தது.

செவ்வந்தி வடக்கு ஜமக்காளத்திலிருந்து எழுந்து வந்தாள், நூற்றுப் பதின்மூன்றாவது உருவத்தைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நிரோஷா காத்திருந்தாள்.

"குனியாம உக்காரு" என்றாள் செவ்வந்தி. "அந்த மூஞ்சிக்குக் குனிஞ்சா நல்லால்ல."

திங்கட்கிழமை மரகதம் இரண்டு கான்ஸ்டபிள்களோடு வந்தார். படத்தின் முன் நின்று எண்ணினார், பந்தலுக்குள் வந்து எண்ணினார், இரண்டும் பொருந்தின. "நிரோஷா யாரு?" என்று கேட்டார். நூற்றுப் பதின்மூன்று பாதிச் சிரிப்புகள் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தன. அவர் வரிசையில் மெதுவாக நடந்தார், முகங்களைப் பார்க்கவில்லை, மடிமேல் இருந்த கைகளை மட்டும் பார்த்துக்கொண்டே நடந்தார். குட்டை நகங்களின் முன் வந்ததும் நின்றார். கேட்டால் நிரோஷா ஆமாம் என்றுதான் சொல்வாள், அது அவளுக்குத் தெரியும், மரகதத்துக்கும் தெரியும்.

மரகதம் கேட்கவில்லை. ஃபைலிலிருந்து சான்றை எடுத்தார், கான்ஸ்டபிளின் முதுகில் வைத்துக் கையெழுத்துப் போட்டார், அந்தக் கைகளில் கொடுத்தார்.

"அந்தப் பொண்ணு வந்தா குடுத்துருங்க" என்றார். "அந்த முகத்துல இங்க ஒருத்தரையும் நாங்க பாக்கல. பாக்காத ஆள் மேல வழக்குப் போட முடியாது." போகிறபோது படத்தின் ஓரத்தைப் பார்த்து, "எடம் இருந்தா அடுத்த தடவ எங்களையும் போடுங்க, கடைசிலயாவது" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

சான்றிதழ் சரிபார்ப்புக்கு அழைப்பு மூன்றாம் வாரம் வந்தது. போய் என்ன ஆகப்போகிறது என்று தம்பிதுரை கேட்டார். கூப்பிட்டவர்களுக்குப் பதில் சொல்லாமல் இருப்பது மரியாதையில்லை என்றாள் நிரோஷா. இஸ்திரி போட்ட சேலையைக் கட்டிக்கொண்டு, ஒரு சான்றும் விட்டுப்போகாமல் வரிசைப்படி அடுக்கிய ஃபைலோடு, மாவட்டத் தலைநகரில் இருந்த பள்ளிக்கூட ஹாலுக்குப் போனாள். மூன்று மணி நேரம் காத்திருந்தாள். மேஜைக்குப் பின்னால் மூக்குக்கண்ணாடி போட்ட அம்மாள் ஒவ்வொரு தாளாகத் திருப்பினார்: மதிப்பெண் பட்டியல் சரி, சாதிச் சான்று சரி, முதல் தலைமுறைப் பட்டதாரிச் சான்று சரி, நன்னடத்தைச் சான்றும் சரியாகவே இருந்தது. பிறகு ஹால் டிக்கெட்டை எடுத்தார், அதிலிருந்த போட்டோவைப் பார்த்தார், நிமிர்ந்தார், மறுபடியும் போட்டோவைப் பார்த்தார்.

ஒட்டியிருந்த அந்தச் சின்னச் சதுரத்திலிருந்து, ஒரு பல் முன்னால் இருந்த பெண் ஒருத்தி, இந்த அறைக்கு எப்படியாவது வந்து சேர்ந்துவிடவேண்டும் என்ற கவலையோடு நிரோஷாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நிரோஷாவுக்கு அவளிடம் ஏதாவது சொல்லவேண்டும் போலிருந்தது.

"ஏம்மா, எல்லாம் சரியா இருக்கு. இந்தப் பொண்ணு எங்க? அவ வரலையா?"

"அவ ஏரிக்கரைல உக்காந்திருக்கா மேடம்" என்றாள் நிரோஷா.

ஃபைலை வாங்கிக்கொண்டாள். வாசலுக்கு வந்ததும், சொன்னது பொய்யாகிவிடக் கூடாதே என்று, கிளம்பிக்கொண்டிருந்த ஆவரங்குடி பஸ்ஸை ஓடிப்போய்ப் பிடித்தாள்.